நஸீர் சரியாகத்தான் அழுத்தினார்

தம்பி,

உன் கலியாணக் கார்ட்டை நஸீருக்குக் கொடுக்க நேற்றுக் கிண்ணியாவுக்குப் போனேன். போய் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கோபம். யார்மேல் என்று கேட்டால் முதலில் உன்மேல், பிறகு என்மேல். குசினிக்குள் நின்றபடி உன் அம்மா, "கலியாணம் முடியட்டும், பிறகு எழுதுங்கோவன். இப்ப என்ன அவசரம்?" என்று கேட்கிறாள். முடியட்டும், முடியட்டும் என்றுதான் நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி என்னால் ஏலாது. இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று கொழும்புக்கு, உனக்கு. மற்றதை நாளைக் காலை படகுத்துறையில், ஜெட்டிக் கொட்டிலில், லோஞ்ச் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். நஸீரைச் சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கமாக எழுதவேண்டியிருக்கிறது. இதை வாசிக்கப்போகிறவன் நீ மட்டும் இல்லை.

நான் உட்துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் மோட்டார்ப் படகு, லோஞ்ச், ஓட்டுகிறவன். நஸீர் பார்ஜில், அந்தத் தட்டையான இரும்புப் படகில், கயிறு பார்க்கிறவர். இருபத்தேழு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். ஓடாமல் கட்டிப்போட்டிருக்கும் பழைய கப்பல்களுக்குத் துரு சுரண்டி வர்ணம் பூசுவது எங்கள் கம்பனியின் வேலை. காலையில் ஆட்களைக் கொண்டுபோய்க் கப்பலுக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் பார்ஜில் இறக்கிவிட்டு நான் ஜெட்டிக்குத் திரும்புவேன். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. ஆட்கள் இறங்கி, கயிறு சரியாகி, நஸீர் வலக்கையை உயர்த்தினால்தான் நான் உயர்த்துவேன். நான் உயர்த்தினால்தான் அவர் கையை இறக்குவார். அதற்குப் பிறகுதான் எஞ்சின். அதோடு முடியாது. மணிக்கொரு தடவை கப்பலைச் சுற்றி ஒரு வட்டம் போய் ஹோர்னை இரண்டு தரம் அடிப்பேன். நஸீர் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். சில நாள் வட்டம் போகாமல் ஜெட்டியிலிருந்தே அடிப்பேன். தட்டுவது காதில் விழாவிட்டால் உடனே கயிற்றை அவிழ்ப்பேன். அவசரம் என்றால் கப்பலின் மேல்தட்டில் நட்டிருந்த கம்பத்தில் சிவப்புத் துணி ஏறும். இவ்வளவுதான் எங்கள் படிப்பு. இதில் ஒரு தடவையும் ஆள் தவறியதில்லை.

பள்ளிக்கூட விடுமுறைகளில் நீ என்னோடு லோஞ்சில் வந்திருக்கிறாய். நாங்கள் கை உயர்த்துவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். பெரியவனாகி, கொழும்பில் வேலை எடுத்து, மூன்று வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு வந்தபோது, "அப்பா, உங்கட கை உயர்த்துற வேலையை நான் போனில செய்து தாறன்" என்றாய். அந்த இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் இருந்து நீ எனக்கு விளங்கப்படுத்தியதை நான் மறக்கவில்லை. கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாய். சாதாரணமாக ஒரு பக்கம் ஒன்றைக் கேட்கும், பதில் வாங்கும், அத்தோடு போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போய்க் கேட்கவேண்டும். நீ பாவிக்கும் வெப்சொக்கட் என்ற முறை அப்படி இல்லை. போனில் இருக்கும் ஸ்கிரிப்ட், நீ எழுதி வைக்கும் கட்டளை வரிகள், முதலில் மற்றவர்களைப்போலத்தான் போய்க் கேட்கும், ஆனால் கேட்கும்போதே, இந்த வழியை மூடாமல் வைத்துக்கொண்டு கதைப்போமா என்றும் கேட்கும். அந்தப் பக்கம் ஓம் என்றால் வழி திறந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் நினைத்த நேரம் கதைக்கலாம். "நஸீர் மாமா கையை உயர்த்துறார், நீங்கள் உயர்த்துறியள். அவ்வளவுதான் அப்பா" என்றாய். என் மகன் படித்த பெரிய படிப்புக்குள் எங்கள் இரண்டு பேருடைய கையும் இருக்கிறது என்று நான் ஜெட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கலண்டர் தாளில் நீ எழுதியது நான்கு வரி. முதல் வரியில் முகவரியைக் கொடுத்துத் தொடர்பைத் திறப்பது. இரண்டாவது, திறந்ததும் விளக்கைப் பச்சையாக்கி "தொடர்பு உண்டு" என்று காட்டுவது. மூன்றாவது, செய்தி வந்தால் மணி அடிப்பது. நான்காவது, அழைப்புப் பொத்தானை அழுத்தினால் செய்தியை அனுப்பிவிட்டு "அழைப்பு போய்விட்டது, லோஞ்ச் வருகிறது" என்று எழுதிக் காட்டுவது. வரிக்கு வரி பக்கத்தில் தமிழில் குறிப்பும் போட்டுத் தந்தாய். அந்தத் தாளைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு லோஞ்சில் சுக்கானுக்கு மேல் தொங்கவிட்டேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் பிழையையும் எழுதிவிடுகிறேன், கொட்டிலில் ஒட்டப்போகிற கடிதம் அல்லவா. கம்பத்தைப் பிடுங்கியது நான். யாரும் சொல்லவில்லை. என் மகன் இவ்வளவு செய்து தந்திருக்கிறான், இனி இந்தச் சிவப்புத் துணி எதற்கு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நானே ஏறிப் பிடுங்கினேன். ஹோர்ன் அடிப்பதையும் வட்டம் போவதையும் நானே விட்டேன். நஸீர் இரண்டு மூன்று தடவை கேட்டார், "அண்ணன், சுத்தி வாறத மட்டும் விடாம இருப்பமே" என்று. "உங்களுக்கு எந்த நாளும் பயம்தான்" என்று பகிடி பண்ணினேன். கொட்டிலில் நீ செய்த வெப் பக்கம் திறந்த திரை ஒன்று, அவர் கையில் கம்பனி கொடுத்த போன் ஒன்று. இரண்டிலும் பச்சை விளக்கு. எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வருஷம் கச்சான் காற்று அடித்த அந்த நாளைப் பற்றி உனக்கு ஒழுங்காக யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம். காற்று எழும்பிக் கப்பல் ஒரு பக்கம் இழுத்தது. பார்ஜில் நஸீரும் சல்லிக் கிராமத்துப் பொடியன் ரூபனும் மட்டும். இளகியிருந்த கயிறு ஒரே இழுவையில் இறுகியபோது நஸீரின் வலக்கை கயிற்றுக்கும் இரும்புக் குற்றிக்கும் நடுவில் போய்விட்டது. இரண்டு விரல். ரூபன் கயிற்றை வெட்டிக் கையை எடுத்தான். நஸீர் மயங்கவில்லை, கத்தவில்லை. இடக்கையால் சட்டைப் பைக்குள் இருந்த போனை எடுத்து, பெருவிரலால் அழைப்புப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு. "அழைப்பு போய்விட்டது, லோஞ்ச் வருகிறது." வருகிறது என்று கண்ணுக்கு முன்னால் எழுதியிருக்கிறதே! இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. திரும்ப அழுத்தினார். திரும்பவும் அதே எழுத்து. பதினொரு தரம் அழுத்தினார். பிறகு ரூபன் போனை வாங்கிக் குரலில் கூப்பிடப் பார்த்தான். அந்தக் கப்பலின் இரும்புக்குப் பின்னால் சிக்னல் செத்துக் கிடந்தது.

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கொட்டிலில், காற்றாடிக்குக் கீழே, கதிரையில். எதிரே உன் திரை. பச்சை விளக்கு. கப்பலின் இந்தப் பக்கம் முழுவதும் என் கண்ணுக்குத் தெரிந்தது. பார்ஜ் அந்தப் பக்கம். கடைசியில் ரூபன் கயிற்று ஏணியில் மேல்தட்டுக்கு ஏறிச் சட்டையைக் கழற்றி வீசினான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அழைப்பு ஒன்றும் இல்லை. அதனால், பயல் காற்றில் விளையாடுகிறான் என்று நினைத்தேன்! என் இரண்டு கண்ணால் கண்டதை விட்டுவிட்டு உன் விளக்கை நம்பினேன். அவன் சட்டையை விடாமல் வீசிக்கொண்டே நின்ற பிறகுதான் எழும்பினேன். அழுத்திய நேரத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்த நேரம் வரை கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்: "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா ஒரு விரலையாவது பாத்திருக்கலாம்."

அன்று பின்னேரமே கொட்டிலில் விசாரணை. திரையில் ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. நஸீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி பதினொரு தரம் அழுத்தியதாகச் சொல்கிறார். எழுத்தைத் தானும் கண்டதாக ரூபன் சொன்னான், சின்னப் பொடியன் என்று யாரும் காதில் எடுக்கவில்லை. எது பிழை? மேற்பார்வையாளர் உனக்குப் போன் எடுத்தார், எல்லாருக்கும் கேட்கும்படி. நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய், அவசரம். "மாமா சரியா அமத்தியிருக்க மாட்டார். இடக்கை, கை நடுக்கம், திரையில ரத்தம் வேற பட்டிருக்கும். எங்கட பக்கம் ஒரு பிழையும் இல்லை" என்றாய். அரை நிமிஷம் இருக்காது. அந்த அரை நிமிஷக் கதைதான் ஜெட்டியின் தீர்ப்பானது. அடுத்த கிழமை பார்ஜ் பொடியன்கள், "நானா, பொத்தான் எது எண்டு பாத்து அமத்துங்கோ" என்று அவருக்கு முன்னாலேயே சிரித்தார்கள். கட்டுப் போட்ட கையோடு அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. கம்பனி ஒன்றும் போகச் சொல்லவில்லை. தானாக நின்றார். இந்தப் புதுச் சாமான்களுக்கு நான் சரிவரமாட்டேன், என்னால் இன்னொருவருக்கு ஆபத்து வந்துவிடும் என்று காரணம் சொன்னார்.

நானும் அதை நம்பினேன். என் மகன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பினேன். உன் தங்கச்சி இல்லாவிட்டால் சாகும்வரை நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

நான்கு மாதத்துக்கு முன் அவள் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்ட் பற்றிப் பாடம் எடுக்க, அண்ணா எழுதியதையே காட்டுவோம் என்று உன் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். போனுக்கு வருகிற ஸ்கிரிப்டை யாரும் திறந்து பார்க்கலாமாம், ஒளித்து வைக்க ஏலாதாம். பின்னேரம் வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்தக் கலண்டர் தாளை ஒருக்காத் தாங்கோ" என்றாள். லோஞ்சிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. தாளில் நான்கு வரி, உன் வெப் பக்கத்தில் பத்து வரி. கூடுதலாக இருந்த ஆறு வரியும் என்ன சொல்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தச் சொன்னேன். "தொடர்பு திறந்தா என்ன செய்யிறது எண்டு அண்ணா எழுதியிருக்கிறார். அறுந்தா என்ன செய்யிறது எண்டு முதல் எழுதேல்லை அப்பா. அதால ஒருக்காப் பச்சையான விளக்கு பிறகு எண்டைக்கும் பச்சைதான்" என்றாள். "அப்ப நஸீர் அமத்தினது?" என்று கேட்டேன். தாளை மேசையில் வைத்தாள். "மூடின தொடர்புக்குள்ள அனுப்பினா அது பிழை எண்டு கத்தாது அப்பா. பேசாமல் விழுங்கிப்போடும். லோஞ்ச் வருகுது எண்டு எழுதினது அங்காலயிருந்து வந்த பதில் இல்லை. அமத்தின உடனே போனே தானாக் காட்டினது." பதினொரு தரமும் விழுங்கியிருக்கிறது. பதினொரு தரமும் வருகிறது, வருகிறது என்று பொய் சொல்லியிருக்கிறது.

அந்த ஆறு வரியும் நல்ல வரிகள், அதை நான் மறுக்கவில்லை. தொடர்பு அறுந்தால் விளக்குச் சிவப்பாகும். தானாகத் திரும்பத் திறக்கப் பார்க்கும். அனுப்பும் முன் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும். கொட்டிலில் ஆள் பார்த்துப் பதில் போட்டால்தான் லோஞ்ச் வருகிறது என்று எழுதும். பிழை விடாத மனிதர் இல்லை, பிழையைத் திருத்தினாய் என்று நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் அந்த வரிகளுக்கு மேலே நீயே தேதி போட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய். "தொடர்பு அறுவதைக் கவனிக்கவில்லை. திருத்தம்." தேதி, நஸீரின் விரல்களை எடுத்ததற்கு அடுத்த நாள். அடுத்த நாளே உனக்குத் தெரிந்திருக்கிறது! கம்ப்யூட்டரும் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பாம் அது, உன் தங்கச்சி சொன்னாள். யாரும் படிக்காத இடத்தில் உண்மையை எழுதத் தெரிந்த உனக்கு, கிண்ணியாவில் இருக்கும் ஒரு மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தாயா? இது உன் வேலையே இல்லை, அப்பாவுக்குச் சும்மா செய்து தந்தது. பேர் கெட்டுவிடும் என்று பயந்தாயா? உன் பேர் கெடாமல் இருக்க நஸீரின் பேர் கெட்டது. அது உனக்குப் பரவாயில்லையா, தம்பி?

நான் இவ்வளவு கத்துகிறேனே, இந்தக் குணம் உனக்கு எங்கேயிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நீ ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், நான் கவனம் இல்லாமல் லோஞ்சை ஜெட்டித் தூணில் கொண்டுபோய் இடித்தேன். முன்பக்கம் பிளந்துவிட்டது. அதிகாரி வந்து யார் பிழை என்று கேட்டபோது நான் வாயைத் திறக்க முதல் நஸீர், "நான்தான் சேர், கயிறு விடப் பிந்திப்போச்சு" என்றார். எனக்கு அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, இன்னொன்று வந்தால் வேலை இல்லை, வீட்டில் இரண்டு பிள்ளை என்று அவருக்குத் தெரியும். அவருக்கு இரண்டு கிழமை வேலை நிறுத்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ அன்று என் சாப்பாட்டுப் பெட்டியோடு ஜெட்டியில் நின்றாய். எல்லாவற்றையும் பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, நஸீர் மாமா கயிறு விடப் பிந்தேல்லையே" என்றாய். "சும்மா இரு" என்றேன். அந்தச் "சும்மா இரு" தான் உன் வாயில் இன்றைக்கும் பூட்டாகக் கிடக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்காக அவர் பழியைத் தெரிந்து எடுத்தார். உனக்காக எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. நீ செய்தது என்னுடையதைவிட மோசம்.

உன் தங்கச்சி காட்டிய அன்றே நான் உனக்குப் போன் எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. அந்தக் கிழமைதான் பெண் வீட்டார் பேச வருவதாக இருந்தார்கள். இந்த நேரம் வீட்டுக்குள் ஒரு பிரச்சினையா என்று உன் அம்மா அழுதாள். நானும் சரி என்று விட்டேன். நான்கு மாதம் கிண்ணியாப் பக்கம் போகவே இல்லை. போனால் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கடைசியில் நீ அனுப்பிய கலியாணப் பட்டியலில் அவர் பேருக்குப் பக்கத்தில், "கார்ட் மட்டும் குடுத்தால் போதும், வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம்" என்று நீ எழுதியதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அறுந்தது. உனக்கும் அவர் முகத்தைப் பார்க்க ஏலாது. அப்பனும் மகனும் நல்ல பொருத்தம்.

நேற்றுப் போனேன். நஸீர் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வலக்கையில் மூன்று விரல். கார்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கட்டாரில் இருக்கும் மகள். பக்கத்து மேசையில், கை எட்டும் தூரத்தில்தான் போன் கிடந்தது. அவர் தொடவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அவர் குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, எடுத்து, நஸீரின் காதில் வைத்தார். கதைத்து முடிய மனைவியே போனை வாங்கி நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அந்த மனிசி சொன்னார்: "அண்டையிலருந்து போனைத் தொடமாட்டாரு அண்ணன். நான் அமத்தினா பிழைச்சிப் போகும் எண்டு சொல்றாரு. நான் கடைக்குப் போன நேரம் மகள் எடுத்தா அது அடிச்சி அடிச்சி நிண்டுரும்."

அதற்கு நஸீர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன், கலியாணத்துக்கு முதல் தம்பிட்ட ஒண்டு சொல்லுங்க. பாடுபட்டு அவரு செஞ்ச சாமானுக்கு என்னாலதான் கெட்ட பேர் வந்தது. தெரியாம அமத்திப்போட்டன். மனசில வெச்சிக்கிடாம மன்னிக்கச் சொல்லுங்க." தம்பி, அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். யாருடைய அழைப்பை நீ விழுங்க விட்டாயோ அந்த மனிதர், உன்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கலண்டர் தாளைச் சொன்னேன், ஆறு வரியைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். நான்கு மாதம் ஒளித்ததையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், கத்துவார், கார்ட்டைத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப நான் சரியாத்தான் அமத்தினனானோ?" ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார். "பதினொரு தரமும்?" ஓம், பதினொரு தரமும் என்றேன். அவர் கண் கலங்கியது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, "தம்பி சொன்னவரோ?" என்று கேட்டார்.

என்னால் ஓம் சொல்ல ஏலவில்லை. இல்லை, மகள் பார்த்துச் சொன்னாள் என்றேன். அதோடு அவர் முகத்தில் வந்த தெளிவு போய்விட்டது. "நீங்க என்னில இரக்கத்தில சொல்றீங்க அண்ணன். செஞ்சவருக்குத்தானே தெரியும்" என்று என் கையில் தட்டினார். தேத்தண்ணி தந்தார். உனக்கு துஆ செய்வதாகச் சொன்னார். போன் மேசையில் அப்படியே கிடந்தது. நான் லோஞ்ச் ஓட்டுகிறவன், இந்த விஷயத்தில் என் வார்த்தைக்கு அவரிடம் மதிப்பில்லை, அது நியாயம். உன் வார்த்தையை அவர் நம்பினார். நம்பித்தான் இப்படி ஆனார். அதை அவிழ்க்கவும் உன் வார்த்தையால் மட்டும்தான் முடியும்.

கொட்டிலில் திரும்ப ஹோர்ன் முறை தொடங்கிவிட்டது. மணிக்கொரு தடவை வட்டம் போகிறேன், ரூபன் இரும்பில் தட்டுகிறான். கம்பத்தையும் நட்டுவிட்டேன். உன் பக்கமும் ஓடுகிறது, அது பாட்டுக்கு ஓடட்டும். தொடர்பைத் திறக்க என்னைப் பார்த்துப் படித்தாய். திறந்த பிறகு மணிக்கு மணி நான் என்ன செய்தேன் என்று நீ பார்க்கவில்லை. பிறகு நானும் அதை விட்டேன்.

இனி நீ செய்யவேண்டியது. உடனே புறப்பட்டு வா என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையாகப் போய் நின்றால் அவர் கதிரை போட்டு, குளிர்பானம் உடைத்து, உன்னை ஒன்றும் சொல்லவிடாமல் உபசரித்தே அனுப்பிவிடுவார். அது பிறகு. முதலில் அவருக்குப் போன் எடு. அவருடைய மனைவி பின்னேரம் நாலரைக்குக் கடைக்குப் போய் ஐந்தரைக்குத்தான் திரும்புவாராம், கேட்டு வைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து எடு. அவர் தனியாக இருப்பார். போன் அடிக்கும். அவர் தொடமாட்டார். அடித்து நின்றுவிடும். நீ திரும்ப எடு. அப்போதும் தொடமாட்டார். திரும்ப எடு. கூட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது, பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று வைத்துவிடாதே. அவர் தன் கையால் அமத்தி எடுக்கும்வரை எடுத்துக்கொண்டே இரு.

பதினொரு தரம் என்றாலும்.

அப்பா